மஞ்சள், அப்பத்தா, ஒரு பிளாங்க்

ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் நாலு பேராவது "என்ன கண்ணு படிக்கிறே?" என்று கேட்டுவிடுவார்கள். முதல் செமஸ்டரில் "எம்.எஸ்ஸி. கெமிக்கல் பயாலஜி அண்ட் டிரக் டிசைன்" என்று முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப மெடிக்கல் ஷாப் வெச்சுக்கலாம்" என்றார் ஒரு மாமா. இப்போதெல்லாம் "கெமிஸ்ட்ரிங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறேன் :-)

உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்கிறேன். எங்களுக்குத் தெற்கே மூலனூர் பக்கம் கண்வலிக் கிழங்கு போடுவார்கள். அதான், செங்காந்தள். அதன் விதையில் கோல்ச்சிசின் இருக்கிறது. மருந்தும் அதுதான், அளவு தப்பினால் விஷமும் அதுதான். 1960களில் இந்தக் கோல்ச்சிசின் செல்லுக்குள் போய் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று கதிரியக்க அடையாளம் வைத்துத் தேடினார்கள். சிக்கிய புரதத்துக்குத்தான் பிறகு டியூபுலின் என்று பெயர் வந்தது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கிற கயிறுகள் அதனால் ஆனவை. இப்படிச் சின்ன மூலக்கூறைத் தூண்டிலாகப் போட்டு செல்லிடம் உண்மையைக் கறப்பது கெமிக்கல் பயாலஜி. சிக்கிய புரதத்துக்குப் பொருந்துகிற மாதிரி மூலக்கூறு செய்யப் பார்ப்பது டிரக் டிசைன். மீதி நேரமெல்லாம் ஹெச்.பி.எல்.சி. மெஷினுக்கு க்யூவில் நிற்பது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ப்ராஜெக்டுக்கு நான் எடுத்தது அசிட்டைல்கோலின்எஸ்டெரேஸ் என்கிற என்சைம். காரணம் எங்கள் அப்பத்தா.

நாங்கள் மஞ்சள் போடுகிற குடும்பம். விரலி மஞ்சளை ஒடித்து உள் நிறத்தைப் பார்த்தே எந்தக் காட்டில் விளைந்தது என்று சொல்கிற ஆள் அப்பத்தா. இப்போது சாப்பிட்டோமா இல்லையா என்பதே அவருக்கு மறந்துபோகிறது. கோயமுத்தூர் டாக்டர் டோனெபெசில் எழுதிக் கொடுத்தார். "குணமாகாது, கொஞ்ச நாளைக்குத் தாக்குப்பிடிக்க வைக்கும்" என்று அப்போதே சொல்லித்தான் கொடுத்தார்.

டோனெபெசில் எங்கள் பாடத்தில் வருகிற மருந்து. மூளையில் அசிட்டைல்கோலின் என்கிற சேதிக்காரனை அந்த என்சைம் வெட்டிப் போட்டுக்கொண்டே இருக்கும். அல்ஸைமர் நோயில் ஏற்கனவே சேதிக்காரர்கள் குறைச்சல், எனவே வெட்டுகிறவன் கையைக் கட்டிப்போட வேண்டும். வெட்டுகிற இடம் ஒரு ஆழமான சந்தின் அடியில் இருக்கிறது. டோனெபெசில் நீளமான மூலக்கூறு. சந்தின் வாசலிலிருந்து அடிவரை கிணற்றுக்குள் இறக்கிய ஏணி மாதிரி நிற்கும். 1999-ல் படிக அமைப்பு வெளிவந்தபோது இது கண்ணுக்கே தெரிந்தது. இந்த மருந்தை உருவாக்கிய ஜப்பானின் ஹாச்சிரோ சுகிமோட்டோவின் அம்மாவுக்கும் மறதி நோய் இருந்தது என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நமக்குத்தான் வீட்டிலேயே மஞ்சள் இருக்கிறதே! குர்குமினும் நீளம், இரண்டு முனையிலும் வளையம். அதே சந்துக்குள் டாக்கிங் செய்து பார்த்தேன். (மென்பொருளின் பெயர் ஆட்டோடாக் வினா. பெயர்தான் வினா, நீங்கள் எதைக் கொடுத்தாலும் ஒரு விடை கொடுத்துவிடும்.) ஸ்கோர் பிரமாதம். படமும் அழகாக வந்தது, சந்துக்குள் மஞ்சள் நிறத்தில் குர்குமின். அன்று ராத்திரியே அப்பாவுக்குப் போன் போட்டு, "அப்பத்தாவுக்குக் குடுக்கிற மாத்திரை போய் உட்கார்ற அதே எடத்துல நம்ம மஞ்சளும் போய் உட்காருதுங்கப்பா" என்றேன். என்ன பேச்சு பேசியிருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்து நிஜ சோதனை. எல்மேன் முறை, 1961-லிருந்து எல்லோரும் செய்வது. என்சைம் வேலை செய்யச் செய்யக் குழாயில் மஞ்சள் நிறம் ஏறும். 412 நானோமீட்டரில் அதை அளக்க வேண்டும். மருந்து வேலை செய்தால் நிறம் ஏறுவது மெதுவாகும். குர்குமினும் மஞ்சள்தானே என்று கேட்கிறீர்களா? நானும் யோசித்தேனே! ஆரம்பத்தில் குர்குமினால் வருகிற அளவைக் குறித்துக்கொண்டு அதைக் கடைசிவரை கழித்தேன். பாதிக்கு மேல் தடுப்பு. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதேதான். கட்டுரை போடலாம், பி.ஹெச்டி. விண்ணப்பத்தில் எழுதலாம் என்று கூட இருந்தவர்கள் ட்ரீட் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

லேபில் ஒரு சீனியர் அக்கா. அதிகம் பேச மாட்டார். என் கிராஃபைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "என்சைம் இல்லாம, வெறும் குர்குமினை மட்டும் பஃபர்ல பத்து நிமிஷம் ஓட விட்டியா?"

விடவில்லை. எதற்கு விட வேண்டும், அது மாறாதே என்று நினைத்திருந்தேன். எல்மேன் சோதனையின் பஃபர் பி.ஹெச். 8. காரத்தில் குர்குமின் நிமிஷக் கணக்கில் சிதைந்துபோகும். அன்று சாயங்காலம் வெறும் குர்குமினை வைத்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோடு இறங்கியது. யாரும் தொடாமலே இறங்கிக்கொண்டே போனது. என்சைம் ஒரு பக்கம் மஞ்சளை ஏற்ற, குர்குமின் இன்னொரு பக்கம் தன் மஞ்சளை இழந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் தடுப்பு என்று குதித்திருக்கிறேன். திருத்திக் கணக்குப் போட்டபோது மிச்சம் நின்றது பிழை அளவுக்குள் அடங்கிவிட்டது.

தீஸிஸ் கொடுக்க மூன்று வாரம். "அந்த பிளாங்க்கை யாரு கேக்கப் போறாங்க, விட்டுட்டு எழுது" என்றான் ஒரு நண்பன். கெட்டவன் இல்லை, எனக்காகத்தான் சொன்னான். எனக்கும் ஒரு நாள் முழுக்க அந்த ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். மேடமிடம் போனேன். திட்டவில்லை. 2017-ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். குர்குமின் எத்தனை விதமாகச் சோதனைகளை ஏமாற்றும் என்று அதில் வரிசையாக இருக்கிறது. தானே ஒளிரும், புரதங்களோடு கண்டபடி ஒட்டும், சிதையும், குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதே அபூர்வம். "இதை முன்னாடியே குடுத்திருக்கலாமே மேடம்" என்றேன். "குடுத்திருந்தா படிச்சிருப்பியா?" என்றார். நியாயம்தான்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். அந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணினபோது அப்பா சந்தோஷமாகச் சொன்னார். "உன்ற பேச்சக் கேட்டு அந்த மாத்திரைய நிறுத்திப்போட்டேன் சாமி. மஞ்சள் கேப்சூல்தான் வாங்கிக் குடுக்கறேன். ஒரு மாசமாச்சு."

அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

அப்பாவிடம் சொல்வது வைவாவை விடக் கஷ்டமாக இருந்தது. மஞ்சள் விற்றுத்தான் என்னைப் படிக்க வைக்கிறார். அவரிடம் போய் மஞ்சள் இதற்கு மருந்தில்லை என்று எப்படிச் சொல்ல? "அமெரிக்காக்காரன் மஞ்சளுக்குப் பேட்டன்ட் வாங்குனானே, சும்மாவா வாங்குனான்?" என்று மடக்கினார். 1995-ல் வாங்கினது உண்மை. நம் சி.எஸ்.ஐ.ஆர். சண்டை போட்டு 1997-ல் அதை ரத்து செய்ய வைத்ததும் உண்மை. ஆனால் அது புண்ணுக்குப் போடுகிற மஞ்சளைப் பற்றியது. நம் ஆட்கள் காலங்காலமாகச் செய்துவருவது, புதுசு இல்லை என்றுதான் ரத்தானது. மறதியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை என்றேன். "அப்ப அன்னிக்கு போன்ல சொன்னது?"

"அது தப்புங்கப்பா. கம்ப்யூட்டர் படத்தப் பாத்துட்டுச் சொல்லிப்போட்டேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "படிச்ச புள்ள சொல்லுதுன்னுதான் நிறுத்துனேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம்.

மறுநாள் மூன்று பேரும் கோயமுத்தூர் போனோம். ஒரு மாதம் விட்டதால் டாக்டர் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். அந்த ஒரு மாதத்தில் என்ன போயிற்று, மாத்திரை இருந்திருந்தாலும் போயிருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இதற்கு மட்டும் எந்த பிளாங்க்கும் கிடையாது.

தீஸிஸில் நாலாவது அத்தியாயத்தை முழுக்கத் திருத்தி எழுதினேன். இறங்குகிற அந்தக் கோடுதான் முதல் படம். கட்டுரை கிடையாது, ட்ரீட்டும் கிடையாது. வைவாவில் வெளித் தேர்வாளர் அந்தப் படத்திலேயே இருபது நிமிஷம் நின்றார், மற்ற அத்தியாயங்களைப் புரட்டக்கூட இல்லை.

ஊரிலிருந்து கிளம்புகிற அன்று பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பத்தா வந்து என் லேப் கோட்டை எடுத்துப் பார்த்தார். கையில் குர்குமின் கறை, எத்தனை துவைத்தும் போகவில்லை. என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கறையை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்து, மோந்து பார்த்தார்.

"இது நம்ம காட்டு மஞ்சள் இல்லியே" என்றார்.

இல்லைதான். கம்பெனியிலிருந்து பாட்டிலில் வாங்கினது.