சூரிச் நகரத்துப் பொங்கல்

பொங்கற் பண்டிகையன்று நாஞ்சில் நாட்டில் அடுப்பு முற்றத்தில்தான் எரிய வேண்டும். தென்னங்கொதும்பு சடசடவென்று எரிய, பால் பொங்கி வழியும் தருணத்தில் பெண்கள் குரவையிட, சிறுகிழங்கும் கரும்பும் மஞ்சட்குலையும் சூரிய பகவான் திருமுன் வீற்றிருக்கும். 2023-ஆம் ஆண்டிலும் நம் இல்லத்தில் யாவும் முறைப்படியே நடந்தன. குறைகள் இரண்டு. நம்முடைய ஒரே புதல்வன் அன்று ஸ்விட்சர்லாந்து தேசத்தில், சூரிச் நகரில் மாணவனாய் இருந்தான் என்பது ஒன்று. மற்றொன்றைப் பின்னர்ச் சொல்லுவோம்.

சூரிச் என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. சரித்திர ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் வகுப்பில் செண்பகராமன் பிள்ளையின் கதையைச் சொல்லி வருகிறோம். நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் 1891-ல் திருவனந்தபுரத்தில் பிறந்த அவர், 1908-ல் பதினேழு வயதிலே ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். சூரிச்சில் பயின்றார், 1914-ல் அந்நகரிலிருந்தே இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்தார். அக்கதையைச் சிறு வயதில் நம் மடியிலிருந்து கேட்டவன்தான் நம் புதல்வன். அதே நகருக்குப் படிக்கச் செல்வதாக அவன் சொன்னபோது நமக்குப் பெருமை தாங்கவில்லை.

அவ்வாண்டு பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. முதல் நாள் சனிக்கிழமை, தோழர்களுடன் ரயிலேறி ரைன் நதி அருவியைக் காணச் சென்றிருக்கிறான். உயரம் 23 மீட்டரே. அகலமோ 150 மீட்டர். குளிர்காலத்தில் நீர் குறைவாம். ஆயினும் அதன் இரைச்சலில் பக்கத்திலிருப்பவர் பேச்சுக் கேட்கவில்லையாம். "அப்பா, திற்பரப்பைப் பத்து மடங்காக்கி, குளிக்கக் கூடாது என்று சொன்னால் எப்படியிருக்கும்? அதுதான் இது" என்று எழுதியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்நகரில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. ஆகவே அருவியிலிருந்து திரும்பும்போதே ஈழத் தமிழர் கடையொன்றில் சிவப்புப் பச்சரிசியும் வெல்லமும் வாங்கிவிட்டார்கள். வழிகாட்டியவள் உடன் பயிலும் மாணவி ஒருத்தி. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்களின் மகள், பிறந்தது சூரிச்சிலே. விடுதிச் சமையலறையின் மின்சார அடுப்பில் மண்பானைக்கு இடமில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் மஞ்சள் துண்டைக் கட்டி வைத்தார்கள். அங்கே ஜனவரியில் சூரியன் உதிக்கக் காலை எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். நமக்கோ அப்போது பகல் பன்னிரண்டரை கடந்துவிட்டது.

கைபேசியில் படம் தெரிந்தது. பால் பொங்கி அடுப்பின்மேல் வழிந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் பதறித் துணியை எடுத்து ஓடிவர, நம்மவனும் அப்பெண்ணும் "பொங்கலோ பொங்கல்!" என்று கூவினார்கள். இங்கே நம் மனையாள் தனியே குரவையிட்டாள். பாதியில் குரல் தழுதழுத்து நின்றுவிட்டது.

அப்போதுதான் அவன் கேட்டான்: "அப்பா, வயலைக் கொஞ்சம் காட்டுங்கள். கும்பப்பூ இப்போது கதிர் விட்டிருக்குமே. இவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டுமாம்."

இதுவே நாம் சொல்லாதிருந்த இரண்டாவது குறை. ஓராண்டுச் செலவுக்குரிய பணம் உண்டென்று காட்டினாலன்றி அந்தத் தேசத்தில் மாணவனுக்குத் தங்க அனுமதி கிடைப்பதில்லை. சேமநல நிதியிலிருந்து எடுத்ததாக அவனிடம் சொல்லியிருந்தோம். உண்மையில், பாட்டனார் காலத்திலிருந்து கன்னிப்பூவும் கும்பப்பூவும் தவறாது விளைந்த முக்கால் ஏக்கரை விற்றுவிட்டோம். வாங்கியவர் செம்மண் கொட்டி மேடாக்கி, மனைகளாகக் கல் நாட்டிவிட்டார். அன்று நம் பானையில் வெந்ததும் கடையரிசியே.

பக்கத்து வயலைக் காட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தோம். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சத்தியத்தைப் போதித்த வாய் அதற்கு இடங்கொடுக்கவில்லை. செய்தியைச் சொன்னோம்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அப்பா" என்றான். அதற்கு நம்மிடம் விடையில்லை. மனையாள்தான் கைபேசியை வாங்கி, "மக்களே, பொங்கல் ஆறுகதுக்கு முன்னே சாப்பிடு. அந்தப் பிள்ளைக்கும் போட்டுக் கொடு" என்றாள்.

அன்று மாலை அம்மனை மேட்டின் ஓரம் சென்று நின்றோம். செண்பகராமன் 1934-ல் பெர்லினிலே காலமானார். அவருடைய அஸ்தி 1966-ல்தான் நம் கடற்படைக் கப்பலில் தாய்நாடு வந்து சேர்ந்தது. வகுப்பில் அவ்வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கைதட்டுவார்கள், நாமும் மகிழ்வோம். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு வீட்டார் எப்படிக் காத்திருந்திருப்பார்கள் என்று நாம் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இரவு புதல்வனிடமிருந்து ஒரு வரி வந்தது. அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணின் தகப்பனார், விட்டு வந்த வயலின் வரப்புகளை இன்றும் காகிதத்தில் வரைந்து காட்டுவாராம். "நம் வயலையும் வரைந்து அனுப்புங்கள், அப்பா. எந்த மடையில் தண்ணீர் வரும் என்பது எனக்கு மறந்துவிட்டது."

அன்றிரவே வரைந்து அனுப்பினோம்.