செவலைக்கு வந்த எலும்புப் புற்றுநோயும் நாங்கள் எடுத்த முடிவும்



எங்கள் செவலையின் கால் எப்படி இருக்கிறது என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்ல முடியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதியே விடுகிறேன். நாய் வளர்ப்பவர் யாருக்காவது நாளைக்கு உதவலாம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவலைக்கு வயது ஒன்பதரை. தகப்பன் கோம்பை, தாய் ராஜபாளையம். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். எடை 30 கிலோ. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் குட்டியாக வந்தான். குரங்கணியில் எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 22 படி ஏற வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காப்பி, மிளகு. அதற்கு மேலே காடு. ராத்திரி காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் தெரிவது அவனுக்குத்தான்.

ஐப்பசி மழையில் வலது முன்னங்காலை நொண்ட ஆரம்பித்தான். பாதத்தைப் பிரித்துப் பார்த்தோம், முள் இல்லை. டாக்டர் கொடுத்த வலி மாத்திரையில் ஐந்து நாள் நன்றாக இருந்தான். மாத்திரை முடிந்ததும் மறுபடி நொண்டல். அதற்குள் பாதத்துக்குச் சற்று மேலே, நமக்கு மணிக்கட்டு இருக்கிற இடத்தில், ஒரு வீக்கம். தொட்டால் சூடு, அழுத்தினால் கல் மாதிரி. மறுபடி டாக்டரிடம் போனோம். அவர் உடனே மதுரைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் எனக்குக் காட்டினார். எலும்பின் முனை கரையான் அரித்த மரம் மாதிரி இருந்தது. அரித்தது போதாதென்று வெளிப்பக்கம் புது எலும்பு ஒழுங்கில்லாமல் முளைத்திருந்தது. ஆனால் மூட்டைத் தாண்டி அடுத்த எலும்புக்குப் போகவில்லை. "இதுதான் டீச்சர் இந்த நோயோட அடையாளம். ஆனா சில கிருமித் தொற்றும் இதே மாதிரி காட்டும். ஊசி போட்டு செல் எடுத்துப் பாத்துருவோம்" என்றார். சோதனை முடிவு ஒரு வாரத்தில் வந்தது. ஆஸ்டியோசர்கோமா. எலும்பிலேயே தொடங்குகிற புற்றுநோய்.

நாய்களுக்கு எலும்பில் தொடங்கும் கட்டிகளில் பெரும்பாலானவை இதுதான். பெரிய உடம்புள்ள நாய்களுக்கு, ஏழு எட்டு வயதுக்கு மேல் அதிகம் வருகிறது. முன்னங்காலில் தோளுக்குப் பக்கத்திலும் மணிக்கட்டுக்குப் பக்கத்திலும், பின்னங்காலில் முட்டியைச் சுற்றியும் வரும். நாம் கொடுத்த சாப்பாட்டாலோ, அவன் எங்கோ விழுந்ததாலோ வந்தது என்று சொல்ல எதுவும் இல்லை. இதை டாக்டர் இரண்டு முறை சொன்னார். நானும் இங்கே சொல்லிவைக்கிறேன். இந்த மாதிரிச் செய்தி வந்ததும் வீட்டில் ஒருவரையொருவர் குற்றம் சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

இந்த நோயின் கெட்ட குணம், காலோடு நிற்காது. நுரையீரலுக்குப் போகும். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பையனுக்கு வந்ததும் இதே நோய்தான். 1977இல் வலது காலை எடுத்தார்கள். 1980இல் செயற்கைக் காலோடு புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 143 நாள் ஓடினார். நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து ஓட்டத்தை நிறுத்தினார். 1981இல் 22 வயதில் இறந்துபோனார். அதற்குப் பிறகு கீமோ மருந்துகளால் மனிதர்களுக்கு இந்த நோயில் நிலைமை நிறைய மாறியிருக்கிறது. நாய்களுக்கு அந்த அளவு மாறவில்லை. கண்டுபிடிக்கும் நேரத்திலேயே பத்தில் ஒன்பது நாய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவியிருக்கும். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் "பரவவில்லை" என்று அர்த்தமில்லை, "இன்னும் தெரியவில்லை" என்றுதான் அர்த்தம். செவலையின் நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தமாகத்தான் வந்தது.

டாக்டர் எங்கள் முன் வைத்த வழிகள் நான்கு.

ஒன்று, காலை எடுத்துவிட்டு, பிறகு கீமோ. கார்போபிளாட்டின் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நான்கு முதல் ஆறு தடவை நரம்பில் ஏற்றுவார்கள். இப்படிச் செய்தால் பாதி நாய்கள் 10 முதல் 12 மாதம் தாண்டுகின்றன. ஐந்தில் ஒன்று இரண்டு வருடம் இருக்கும்.

இரண்டு, காலை மட்டும் எடுப்பது. வலி போய்விடும். ஆனால் ஆயுள் சராசரியாக நாலைந்து மாதம்.

மூன்று, காலை எடுக்காமல் வலியை மட்டும் கட்டுப்படுத்துவது. மெலாக்சிகாம், காபாபென்டின் போன்ற மாத்திரைகள். எலும்பு கரைவதைக் குறைக்க பாமிட்ரோனேட் அல்லது சோலெட்ரோனிக் அமிலத்தைச் சொட்டு மருந்தாக ஏற்றலாம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம். இதில் எந்த நாளும் அந்த எலும்பு உடையலாம் என்ற பயம் உண்டு. கதிர்வீச்சும் வலியைக் குறைக்கும். அது எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை.

நான்கு, வலி தாங்க முடியாத நிலை வந்தால் ஊசி போட்டு உறங்க வைப்பது.

காலை எடுப்பது என்றதும் "ஐயோ, வாயில்லா ஜீவனுக்கு இந்தக் கொடுமையா" என்றுதான் முதலில் தோன்றும். டாக்டர் அதைத் திருத்தினார். இந்த நோயில் வலி முழுக்க அந்த எலும்பில்தான் இருக்கிறது. அந்தக் காலை எடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய வலி நிவாரணம். மற்ற மூன்று கால்களும் நன்றாக இருக்கும் நாய் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே எழுந்து நடக்கும், சில வாரத்தில் ஓடவும் பழகும். அதற்கு ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம் கிடையாது. கீமோவும் மனிதர்களுக்குப் போல நாயை ஒரேயடியாகச் சாய்த்துவிடாது. குறைந்த அளவில்தான் கொடுக்கிறார்கள். ஓரிரு நாள் வாந்தி, சோர்வு வரலாம். வெள்ளை அணுக்கள் குறையும் என்பதால் ஒவ்வொரு தடவையும் ரத்தம் பார்க்க வேண்டும்.

பிறகு ஏன் நாங்கள் காலை எடுக்கவில்லை?

நாய் தன் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. ஒரு முன்னங்கால் போனால் மற்ற மூன்றுக்கும் பாரம். செவலைக்கு இரண்டு வருடமாகவே பின்பக்க இடுப்பு மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன. குளிர் நாளில் எழுந்திருக்கவே இரண்டு முறை முயற்சி செய்வான். டாக்டர் அந்த இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "மூணு காலும் நல்லா இருந்தா நானே எடுக்கச் சொல்லுவேன் டீச்சர். இவனுக்கு அப்படிச் சொல்ல முடியலை" என்றார். அதோடு எங்கள் இடம் சரிவு. 22 படி. மழைக்காலத்தில் பாசி. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடத்தில் ஓட முடியாத நாய். கீமோவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மலைப்பாதையில் வண்டியில் போய் வர வேண்டும். வண்டி ஏறினாலே நுரை தள்ளி நடுங்குகிற நாய் அவன்.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கவில்லை. மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். செவலையைக் குட்டியாகச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தவன் அவன்தான். "அம்மா, பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க. ஒரு வருஷம் கிடைக்கும்னா ஏன் விடணும்?" என்று கேட்டான். அவன் அப்பா, "ஒரு வருஷம் யாருக்குடா? அவனுக்கா, நமக்கா?" என்றார். மூன்று நாள் அப்பாவும் மகனும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் மகன் நேரில் வந்தான். செவலை பின்னங்காலை இழுத்துக்கொண்டு எழுந்து அவனிடம் போவதைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்றாவது வழி என்று சேர்ந்து முடிவு செய்தோம்.

ஊரிலும் பல யோசனைகள் வந்தன. ஜீப் ஓட்டுகிற தம்பி, "புத்தூர் கட்டு போட்டாச் சரியாப் போகும் டீச்சர்" என்றது. அன்பில் சொன்னதுதான். ஆனால் இந்த எலும்பை எண்ணெய் போட்டு நீவினாலோ இழுத்துக் கட்டினாலோ உடைந்துவிடும். இன்னொருவர், "நாய்க்குப் போய் இவ்வளவா?" என்றார். அவருக்கு ஒரு கல்லைப் பற்றிச் சொன்னேன். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர், அந்தப் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டிலேயே நம் ஆட்களுக்கு நாய் என்றால் இவ்வளவு என்று இருந்திருக்கிறது.

முடிவெடுத்த பிறகுதான் கஷ்டமான கேள்வி வந்தது. வலி தாங்க முடியவில்லை என்பது நமக்கு எப்படித் தெரியும்? நாய் வலியை மறைக்கும். நாமும் "இன்னிக்குப் பரவாயில்லை" என்று மனதைத் தேற்றிக்கொள்வோம். அமெரிக்காவில் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயத்துக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவது. 70க்கு 35க்கு மேல் இருந்தால் தொடரலாம்.

எனக்கு அதைவிட வருகைப் பதிவேடு சுலபம். பழைய நோட்டில் கோடு போட்டு ஐந்து கட்டம் வைத்தேன். சாப்பிட்டானா. தானே எழுந்து வெளியே போய் வந்தானா. ராத்திரி முனகாமல் தூங்கினானா. ஆள் வந்தால் வாலாட்டினானா. சாயங்காலம் கடைசி பஸ் வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தானா. தினமும் ராத்திரி நானும் அவரும் தனித்தனியாக டிக் போடுகிறோம். மாறி வந்தால் குறைவானதை எடுத்துக்கொள்கிறோம்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மூன்று நாள் தொடர்ந்து மூன்று டிக்கோ அதற்குக் கீழோ வந்தால், அல்லது எலும்பு உடைந்தால், அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். யாரும் "இன்னும் ஒரு நாள்" என்று கேட்கக் கூடாது. இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். அந்த விதியை அவன் நன்றாக இருக்கும் நாளிலேயே எழுதிவிடுங்கள். அந்தக் கெட்ட நாளில் நமக்கு யோசிக்கத் தெம்பு இருக்காது.

டாக்டரிடமும் முன்பே பேசிவிட்டோம். வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் அமைதிப்படுத்தும் ஊசி, அவன் தூங்கிய பிறகு மயக்க மருந்து அதிக அளவில். வலிக்காது என்றார். இன்னொன்றும் சொன்னார். அந்த மருந்து உடம்பிலேயே தங்கும், தோண்டித் தின்னும் மிருகத்தையும் பாதிக்கும். அதனால் ஆழமான குழி வேண்டும், ஓடைக்குப் பக்கத்தில் கூடாது. மேல் வரப்பு மாமரத்தடியில் இடம் பார்த்து வைத்திருக்கிறோம். உயிரோடு இருக்கும்போதே குழிக்கு இடம் பார்ப்பதா என்று எனக்கும் இருந்தது. ஆனால் காட்டை ஒட்டி இருப்பவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

உங்களுக்குச் சில குறிப்புகள். பெரிய நாய் இரண்டு வாரத்துக்கு மேல் நொண்டினால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். குடல் புண்ணாகும், கல்லீரலோ சிறுநீரகமோ கெடும். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையையும் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போனாலோ வாந்தி எடுத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். பெரிய சிகிச்சைக்கு சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். நம் தேனி மாவட்டத்துக்கும் 2020இல் ஒரு கல்லூரி வந்திருக்கிறது. உங்கள் நாய்க்கு வயது குறைவு, மற்ற மூன்று காலும் உறுதி, வீடு சமதளம் என்றால் எங்கள் முடிவைப் பார்த்துக் காலை எடுக்கத் தயங்காதீர்கள். அங்கே அதுதான் நல்ல முடிவாக இருக்கும். பணம் இல்லாமல் மாத்திரையோடு நிறுத்துகிறவர்களும் குறுகிப்போக வேண்டாம். வலி இல்லாமல் பார்த்துக்கொண்டால் அதுவும் சிகிச்சைதான்.

படிக்கட்டின் ஓரத்தில் பலகை போட்டு, வழுக்காமல் இருக்கச் சாக்கு அடித்திருக்கிறோம். படுக்க இலவம்பஞ்சு மெத்தை. ராத்திரி வீட்டுக்குள்தான் படுக்கை. பன்றி வந்தால் உள்ளேயிருந்தே குரைக்கிறான்.

இன்றோடு 38 நாள். 31 நாள் ஐந்து டிக். 5 நாள் நான்கு. 2 நாள் மூன்று, அதுவும் விட்டு விட்டு வந்தவை. இன்று மதியம் தயிர் சோறு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்குகிறான்.

மகன் சனிக்கிழமை வருகிறான். நோட்டு எப்படி இருக்கிறது என்று பிறகு எழுதுகிறேன்.