கோட்டையில பீரங்கி... கொல்லையில பன்னி!

செமஸ்டர் லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல்னு பர்ஸைக் காலி பண்ணாம, ஒரு நாள் திருமயத்துக்கு பஸ் ஏறுங்க. புதுக்கோட்டையில இருந்து காரைக்குடி ரோட்டுல சுமார் 20 கிலோமீட்டர்தான்.

குன்று மேல கம்பீரமா நிக்கிற கோட்டை, 1687-ல் ராமநாதபுரம் விஜயரகுநாத சேதுபதி கட்டினது. மூச்சு வாங்க ஏறினா, பாதி வழியில பழைய வெடிமருந்து அறை. உச்சியில வெயில் காய்ஞ்சுக்கிட்டு ஒரு பீரங்கி. அது பக்கத்துல நின்னு போட்டோ எடுக்காம யாரும் இறங்கறதில்லை. நாங்களும்தான்!

ஆனா, எங்க மனசுல ஒட்டிக்கிட்டது பீரங்கி இல்லை... நண்பனோட தாத்தா வெச்சிருக்கிற கடலைக் கொல்லை. நாங்க போனப்போ, முந்தின ராத்திரி காட்டுப்பன்னிங்க வந்து ஏர் பூட்டாமலே உழுதுட்டுப் போயிருந்துச்சு. "விதை போட்டா மயிலு கிளறுது. காய் பிடிச்சா பன்னி தோண்டுது. நான் எதைய்யா வீட்டுக்குக் கொண்டு போறது?"னு வரப்புல உட்கார்ந்துட்டார் தாத்தா.

"சுட்டுற வேண்டியதுதானே தாத்தா?"

சிரிச்சார். அந்தக் காலத்துல நரிக்குறவங்க நாட்டுத் துப்பாக்கியோட வந்து கொல்லையோரம் தங்குவாங்களாம். கம்பெனித் தோட்டா கிடையாது. ஒவ்வொரு வெடிக்கும் கையாலேயே கெட்டிக்கணும். குழல் வாய் வழியா கருமருந்து, அதை அமுக்க நார், அப்புறம் ஈய ரவை, மறுபடி நார். கம்பியால இடிச்சு இறுக்கி, கேப்பு வெச்சா ரெடி. குறி தப்பினா? முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்குள்ள பன்னி பக்கத்து ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும்!

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. வேட்டை குற்றமாச்சு. கொல்லைக்குக் காவல் போச்சு, துப்பாக்கி தூக்கினவங்களுக்குப் பொழைப்பே போச்சு. பாசிமணியோட பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்த அவங்க, பழங்குடிப் பட்டியல்ல சேர்ந்தது 2023-லதான்.

மயில், 1963-ல இருந்து தேசியப் பறவை. வேட்டையாடினா குறைஞ்சது 3 வருஷம் ஜெயில். காட்டுப்பன்னிக்கு மட்டும் 2025 ஜனவரியில தமிழக அரசு ஒரு வழி சொன்னுச்சு. காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வந்தா, பயிற்சி பெற்ற வனத்துறை ஆளுங்க சுடலாம். 1-லிருந்து 3 கிலோமீட்டருக்குள்ளன்னா பிடிச்சுக் காட்டுல விடணும். தாத்தா துப்பாக்கியைத் தொடவே முடியாது.

சட்டம் சரியா, தாத்தா சரியான்னு கேட்டா... ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு பாஸ்!

அன்னிக்கு ராத்திரி அவரோட நாங்களும் காவலுக்குப் படுத்தோம். ஆயுதம்? ஒரு டார்ச், ஒரு தகர டப்பா. ரெண்டு மணிக்கு 'சரசர'ன்னு சத்தம். டப்பாவைத் தட்டின தட்டுல பன்னிக்கூட்டம் ஓடியே போச்சு. நாங்க கைதட்டினோம். "நாளைக்கும் வரும்"னு சொல்லிட்டு, தாத்தா படுக்கவே இல்லை.

இனிமே கேம்பஸ்ல கடலை போடறப்போ, நிஜக் கடலைக்கு விடிய விடியக் கண்விழிக்கிற ஒரு தாத்தாவையும் நினைச்சுக்கங்க!