எந்தப் புதூர்?

அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தங்கை போன் செய்தாள். “அண்ணா, பென்ஷன் புக்குல இருந்த படத்தத்தான பெருசு பண்ணி மாட்டியிருக்கோம், அது அப்பா மாதிரியே இல்ல. என் கல்யாணத்துல நீ எடுத்தது ஆயிரக்கணக்குல இருக்குமே. நல்லதா ஒண்ணு பார்த்து அனுப்பேன்” என்றாள்.

இருக்கிறது என்றேன். இருக்கவும் இருந்தது. ஐயாயிரத்துச் சொச்சம் கோப்புகள், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில், மூன்று ஃபோல்டர்களில். அவற்றின் பெயர்கள்: கல்யாணம்_ஃபைனல், கல்யாணம்_ஃபைனல்_நியூ, கல்யாணம்_ஃபைனல்_நியூ_காப்பி. ஆபீஸில் ஒரு வரி நிரலை மாற்றினால்கூட யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று பதிவு வைக்கிற வேலை எனக்கு. சொந்தத் தங்கையின் கல்யாணத்தை வைத்திருந்த லட்சணம் இது.

2018 ஆவணியில் திருச்சியில் கல்யாணம். மண்டபத்தில் காசு கொடுத்து அமர்த்திய போட்டோகிராபர் இருந்தார். அவருடைய ஆல்பத்தில் அப்பா எல்லாக் குரூப் படங்களிலும் ஒரே மாதிரி, இஸ்திரி போட்ட சட்டையைப் போலவே விறைப்பாக நிற்கிறார். அவர் போக நான் ஒரு கேமராவும், ஆபீஸ் நண்பனிடம் இரவல் வாங்கிய இன்னொன்றும் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா பையன் ஒரு கேமரா வைத்திருந்தான். சித்தப்பா பீரோவிலிருந்து தன் பழைய சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்து வந்திருந்தார். ஆக நான்கு. போன்கள் தனி.

கல்யாணம் முடிந்த அன்று இரவு, தூக்கக் கலக்கத்தில், எல்லா மெமரி கார்டுகளையும் லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் கொட்டினேன். நடுவில் கணினி ஒரு கேள்வி கேட்டது: இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றி எழுதவா? நான் ‘எல்லாவற்றுக்கும் ஆம்’ என்று கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

அந்த ஒரு க்ளிக் என்ன செய்தது என்பது நாலு வருஷம் கழித்து இப்போதுதான் புரிந்தது. டிஜிட்டல் கேமராக்கள் கோப்புக்குப் பெயர் வைப்பதற்கு ஒரு பொது விதி உண்டு. 1998-இல் ஜப்பானில் வகுத்தது. முதலில் நான்கு எழுத்து, பிறகு நான்கு எண். 0001-இலிருந்து 9999 வரை, முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. என்னுடையதும் நண்பனுடையதும் ஒரே கம்பெனி கேமரா. எனவே முதல் நான்கு எழுத்தும் ஒன்றேதான்: டிஎஸ்சி, ஒரு கீழ்க்கோடு. என்னிடம் ஒரு 0412 இருந்தது, அவனிடமும் ஒரு 0412 இருந்தது. பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அப்படி என் கேமராவின் அறுநூற்றுச் சொச்சம் படங்கள் போயின. முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பில் எடுத்தவை. அடுத்த வாரமே அந்தக் கார்டை ஃபார்மட் செய்து வேறொரு விழாவுக்குக் கொண்டுபோய் நிரப்பிவிட்டேன். அந்தப் படங்களில் என்ன இருந்தது என்று யோசித்தால் எதுவும் ஞாபகம் வரவில்லை. எடுத்ததால்தான் மறந்தேனோ என்னவோ.

இதைப் பற்றி அப்பாவிடம் பேசியிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். அவர் ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தவர். ரயில்வே மெயில் சர்வீஸ். முப்பத்து நான்கு வருஷம் கடிதம் பிரித்தவர். பாதி நாள் ஓடுகிற ரயிலின் தபால் பெட்டியில் நின்றுகொண்டே பிரிப்பார். எதிரே புறாக்கூடு மாதிரி கட்டம் கட்டமாக மர அடுக்கு. கையிலிருக்கும் கட்டைப் பார்ப்பாரே தவிர அடுக்கைப் பார்க்க மாட்டார். கடிதம் தானாகப் பறந்துபோய்ச் சரியான கட்டத்தில் விழும். சின்ன வயதில் என்னை ஒருமுறை ஜங்ஷன் ஆபீஸுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.

“புதூர்னு மட்டும் எழுதிப் போட்டுருவாங்கடா. எந்தப் புதூர்? தமிழ்நாட்டுல ஊருக்கு ஒரு புதூர் இருக்கு. அதுக்குத்தான் பின்கோடு” என்றார்.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. ஆறு இலக்கம். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். 620 என்றால் திருச்சி. ஒரே பெயரில் ஆயிரம் ஊர் இருக்கலாம், ஆனால் எந்தப் புதூர் என்று கண்டுபிடிக்க அந்த ஆறு எண் போதும். டிஎஸ்சி_0412 என்பதும் வெறும் புதூர்தான். பின்கோடு போடாமல் நான் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிவிட்டேன்.

சரி, மிச்சமிருப்பதையாவது ஒழுங்கு செய்வோம் என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். முதல் வேலையாக, இருப்பதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அந்த நகலைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு கேமராவுக்கும் ஓர் எழுத்து: என்னுடையது ஏ, நண்பனுடையது பி, மாமா பையனுடையது சி, சித்தப்பாவுடையது டி. எந்தப் படம் எந்தக் கேமராவில் எடுத்தது என்பது படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும். எக்ஸிஃப் என்று பெயர். கேமரா மாடல், லென்ஸ், எடுத்த தேதி, மணி, நிமிடம், நொடி எல்லாம் அதில் உண்டு. இந்த எக்ஸிஃபைப் படிக்கவும் மாற்றவும் எக்ஸிஃப்டூல் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஃபில் ஹார்வி என்பவர் 2003-இலிருந்து எழுதிப் பராமரித்து வருவது. ஒரே கட்டளையில் ஐயாயிரம் கோப்புகளுக்கும் ‘தேதி_நேரம்_கேமரா’ என்று புதுப் பெயர் வைத்துவிடலாம். பெயர் வரிசையில் அடுக்கினால் கல்யாணம் முதலிலிருந்து கடைசி வரை தானாக ஓட வேண்டும்.

ஓடவில்லை. சித்தப்பாவின் கேமராவில் பேட்டரி செத்துக் கிடந்ததில் கடிகாரம் ஆதிக்குப் போய்விட்டிருந்தது. அவர் கணக்குப்படி என் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது 2005 ஜனவரி 1-ஆம் தேதி. அப்போது அவள் ஆறாம் வகுப்பு. வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எடுத்த நேரமே இல்லை. அனுப்பும்போதே அந்த விவரம் உதிர்ந்துவிடுகிறது. கோப்பின் பெயரில் இருப்பது கையில் கிடைத்த தேதி மட்டும்தான். பெண்ணழைப்புப் படம் மறுவீட்டுக்கு அப்புறம் வந்து நின்றது.

இதையெல்லாம் சரிசெய்துகொண்டிருக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தாலி கட்டுகிற படங்களில் அப்பா இல்லை. தாரை வார்க்கும்போது இருக்கிறார். அதற்குப் பிறகு என் இரண்டு கேமராவிலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்பாவைக் காணோம்.

அம்மாவிடம் கேட்டேன். “பந்தியப் பார்க்கப் போயிட்டாராம்மா?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே, “நீதானடா தள்ளிக்கச் சொன்ன?” என்றார்.

“நானா?”

“ஃப்ரேம்ல வர்றீங்கப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்கன்னு சொன்னேல்ல. மேடைய விட்டு எறங்கிட்டாரு.”

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஆனால் நான் சொல்லியிருப்பேன் என்பதில் சந்தேகமும் இல்லை. அன்றைக்கு எத்தனையோ பேரைத் தள்ளச் சொன்னேன். அம்மா அதைக் குற்றமாகவும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் எழுந்து அறைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நல்ல படம் தேடுவது போய், அப்பா இறங்கி எங்கே போனார் என்று தேட ஆரம்பித்தேன்.

மாமா பையனின் கேமராதான் பாக்கி. அதன் படங்களும் வரிசையில் பொருந்தாமல் இருந்தன. அவன் எடுத்த முகூர்த்தப் படங்கள், நான் எடுத்த டிபன் பந்திப் படங்களுக்கு நடுவே இலைக்கு இலை மாட்டிக்கொண்டு கிடந்தன. காரணம் எளிது. அவன் கடிகாரத்தை மாற்றவில்லை. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. எக்ஸிஃப் 1995-இல் வந்தது. எடுத்த நேரத்தை நொடி வரைக்கும் எழுதிய அதில், அது எந்த ஊர் நேரம் என்று எழுத இடமே கிடையாது. 2016-இல்தான் அதற்குத் தனிக் கட்டம் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் உலகத்துப் படங்கள் எல்லாம் ஊர் பெயர் இல்லாத மணியோடுதான் சேமிக்கப்பட்டன. அப்பாவின் கையிலிருந்த தபால் முத்திரையில் ஊரும் தேதியும் சேர்ந்தே இருந்தன. கறுப்பு மையில், ஒரு வட்டத்துக்குள். ஒன்றில்லாமல் இன்னொன்றை அவர் குத்தியதே இல்லை.

இரண்டரை மணி நேரத்தைக் கழித்தேன். ஓரளவு வந்தது, முழுதாக வரவில்லை. அவனுடைய கடிகாரம் சிங்கப்பூர் நேரத்தையும் சரியாகக் காட்டவில்லை, சில நிமிடம் மெதுவாக ஓடியிருக்கிறது. எவ்வளவு என்று கண்டுபிடிக்க இரண்டு கேமராவிலும் பதிவான ஒரே கணம் வேண்டும். மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் சில படங்களில் இருந்தது, ஆனால் அது நிமிடம்தான் காட்டும். எனக்கு நொடி வேண்டும்.

கெட்டிமேளம் கிடைத்தது. என் படத்தில் அட்சதை காற்றில் நிற்கிறது. மஞ்சள் அரிசி, மணமக்கள் தலைக்கு மேலே. அவன் படத்திலும் வேறு கோணத்தில் அதே அரிசி, அதே உயரத்தில், அதே அத்தையின் கை விரிந்தபடி. எறிந்த அரிசி எவ்வளவு நேரம் காற்றில் இருக்கும்? ஒரு நொடிகூடத் தாங்காது. என் கேமராவில் 7:41:22. அவனுடையதில் 10:07:12. வித்தியாசம் 2 மணி 25 நிமிடம் 50 நொடி. சி என்று குறித்த எல்லாப் படங்களிலிருந்தும் அதைக் கழிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். பிறகு வரிசையைத் திறந்தேன்.

7:41:22, ஏ. அரிசி காற்றில். 7:41:22, சி. அதே அரிசி. அடுத்தது 7:41:25, சி. அப்பா.

அந்தப் படத்தை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். பந்திப் படங்களுக்கு நடுவில் இருந்ததால், சாப்பாட்டுக் கூடத்தில் எடுத்தது என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். மேடைக்குக் கீழே தூண் ஓரமாக நிற்கிறார். குதிகாலை உயர்த்தி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதையோ எட்டிப் பார்க்கிறார். வலது கை மூடியிருக்கிறது. விரல் இடுக்கில் மஞ்சள். படத்தின் ஓரத்தில், ஃபோகஸ் இல்லாமல், நீலமாகக் கொஞ்சம். திரைச்சீலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் சட்டைத் தோள். அதன்மேல் குறுக்காகக் கேமரா வார். அன்றைக்கு நான் போட்டிருந்தது நீலச் சட்டை.

மேடைக்கும் அவருக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன்.

இதில் யாரும் கொடுமை செய்துவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் தள்ளச் சொல்வதும் தள்ளி நிற்பதும் சகஜம். அப்பா அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்ததாகவும் தெரியவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார், ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனாலும் நேரம் சரியாக இல்லாதவரை அது பந்தியில் நிற்கிற அப்பா. நேரம் சரியானதும் மகளுக்குத் தாலி கட்டுவதைப் பார்க்க முடியாத அப்பா. படத்தில் ஒரு புள்ளி மாறவில்லை.

இப்போது என்னிடம் ஒரு முறை இருக்கிறது. எந்த விழாவுக்குப் போனாலும் முதல் காரியமாக எல்லாக் கேமராக் கடிகாரங்களையும் போனைப் பார்த்துச் சரிசெய்கிறோம். பிறகு ஒவ்வொரு கேமராவாலும் அந்தப் போனின் கடிகாரத்தையே ஒரு படம் எடுத்துவிடுகிறோம். எவ்வளவு தப்பினாலும் பின்னால் கழித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர், அதன்மேல் கேமரா எழுத்து. இரண்டு இடத்தில் நகல் சேர்ந்து, திறந்தும் பார்த்த பிறகுதான் கார்டை அழிப்பது. ‘எல்லாவற்றுக்கும் ஆம்’ என்று கொடுப்பதே இல்லை. நண்பர்கள் சிரிப்பார்கள், நான் கண்டுகொள்வதில்லை. பிரித்து வைப்பது அக்கறைதான் என்பது அப்பாவின் தொழிலிலிருந்து எனக்குத் தாமதமாக வந்து சேர்ந்த ஒரே விஷயம்.

தங்கைக்கு எந்தப் படத்தை அனுப்புவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த நீலத்தை வெட்டுவது ஐந்து நொடி வேலை. வெட்டவில்லை. முழுசாக அனுப்பினேன். அம்மாவிடம் லேப்டாப்பில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“கையில என்னடா?”

“அட்சதைம்மா. போடல போல.”

“எங்க போட்டாரு” என்றார் அம்மா. “அன்னைக்கு ராத்திரி துவைக்கப் போடும்போது சட்டைப் பையில ஒரு பிடி அரிசி. மஞ்சக் கறை போகவே இல்ல.”

அந்தச் சட்டை இருக்கிறதா என்று கேட்டேன். அப்பாவின் துணிகளையெல்லாம் போன வருஷமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கோப்பின் பெயர் இப்போது 20180823_074125_சி.