காலிக் கட்டில் தின்ற மெமரி

ஒன்பது நாளைக்கு ஒருமுறை அந்தத் திரை தானாக அணையும். சில சமயம் நாலே நாளில். திரும்பி வர இரண்டு நிமிடம் ஆகும். வீட்டு டி.வி. என்றால் போகட்டும் என்று விடலாம். இது ஒரு மருத்துவமனை வார்டில், எட்டு நோயாளிகளின் இதயத்துடிப்பை நர்ஸ் மேஜையில் காட்டும் கருவி. எங்கள் நிறுவனத் தயாரிப்பு.

"வாரம் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லிடலாமே" என்றார் மேலாளர். பாதி உலகம் அப்படித்தான் ஓடுகிறது! ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

கருவிக்குள் இருப்பது லினக்ஸ். அதன் மையப்பகுதியான கெர்னல்தான் எல்லோருக்கும் மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. கல்யாண மண்டபத்துப் பாத்திர அறை மாதிரி. சமையல்காரர் வாங்கிய அண்டாவைத் திருப்பித் தர மறந்தாலும், அவர் கிளம்பும்போது மண்டபத்துக்காரர் கணக்குப் பார்த்து வாங்கி வைத்துவிடுவார். நம் போனில் ஓடும் ஆப்கள் இந்த ரகம். மூடினால் மெமரி திரும்பிவிடும். ஆனால், மண்டபத்துக்காரரே அண்டாவை எங்கேயோ வைத்துவிட்டு மறந்தால்? கெர்னலுக்குள் நடக்கும் தவறு அப்படிப்பட்டது. கருவியை அணைக்கும்வரை அந்த இடம் போனது போனதுதான். மெமரி முழுக்கத் தீர்ந்ததும் லினக்ஸ் ஏதாவது ஒரு புரோகிராமைப் பலி கொடுத்து இடம் தேடும். இங்கே பலியானது திரை.

ஆபீஸில் எட்டு சென்சாரையும் மாட்டி இரண்டு வாரம் ஓட விட்டேன். ஒன்றுமே ஆகவில்லை. வார்டுக்கே போனேன்.

"பேஷன்ட் கம்மியா இருக்கிற வாரம்தான் மேடம், இது சீக்கிரமா நின்னுபோகுது" என்றார் நர்ஸ். கூட்டம் அதிகமானால்தானே கருவி திணறும்?

திரும்பி வந்து ஒரு சென்சாரை மட்டும் கழற்றினேன். மெமரி எங்கெங்கே எவ்வளவு போயிருக்கிறது என்று லினக்ஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதில் 512 பைட் துண்டுகளின் எண்ணிக்கை நிமிடத்துக்கு 60 வீதம் ஏறியது. இறங்கவே இல்லை. விநாடிக்கு ஒன்று!

கெர்னலிலேயே 'கேமெம்லீக்' என்றொரு வசதி உண்டு. யார் கையிலும் முகவரி இல்லாமல் அநாதையாகக் கிடக்கும் மெமரித் துண்டுகளைத் தேடி, அதைக் கேட்டு வாங்கியது யார் என்றும் சொல்லும். அது காட்டியது சென்சார் டிரைவரை. அந்த டிரைவர் விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டிலையும் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். கேட்பதற்கு 512 பைட் வாங்கும். பதில் வந்தால் திருப்பிக் கொடுக்கும். வராவிட்டால் 'பிழை' என்று சொல்லிவிட்டு அப்படியே வெளியேறிவிடும். ஒரு காலிக் கட்டிலுக்கு ஒரு நாளில் 86,400 தடவை, சுமார் 44 எம்.பி. கருவியில் மிச்சமிருந்ததோ 400 எம்.பி.தான். ஒன்பது நாள் கணக்கு சரியாக வந்தது. இரண்டு கட்டில் காலி என்றால் நாலரை நாள்.

எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம். யாரைக் கேட்க? திருத்தம் ஒரே ஒரு வரி. தேடியதில் அதே ஓட்டை இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. அவற்றையும் அடைத்தேன்.

ஒரு மாதம் கழித்து நர்ஸிடம் போனில் விசாரித்தேன். "இப்ப அணையறதே இல்லை மேடம். அந்த பீப் சத்தத்தைத்தான் கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்றார்.