சிலோன் டீச்சர் போட்ட மார்க்

யூனிட் வண்டியில் வந்தவர் என்றால் உங்களுக்குத் தெரியும், கும்மிடிப்பூண்டி வருவதற்கு முன்னாலேயே ஊர் வாசனை வந்துவிடும். பழவேற்காட்டுக்காரம்மாக்களின் காலி மீன்கூடைகள் பொன்னேரியில் இறங்கிவிடும். அந்த ஈரக் கவிச்சி பெட்டியை விட்டு முழுசாகப் போவதற்குள் கவரைப்பேட்டை தாண்டியிருக்கும். அப்புறம் ஜன்னல் வழியாக இரும்பு வாசனை. சிப்காட் உருக்காலைகளின் வாசனை அது. மழையில் நனைந்த பழைய ஆணியைக் கையில் வைத்துத் தேய்த்தால் வருமே, அதே வாசனை. அதில் கொஞ்சம் கரிப்புகையும் சேர்ந்திருக்கும். மூக்கைப் பொத்திக்கொள்கிறவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம்.

ஊரில் கடிகாரம் பார்த்தவர் குறைவு. ஷிஃப்ட் சங்குதான் நேரம். முதல் சங்குக்கு உலை வைப்பார்கள். தை மாசம் ஜி.என்.டி. ரோட்டின் ஓரத்தில் நெல் காயும், லாரிக்காரன் அதன்மேல் ஏறாமல் வளைத்துப் போவான். பாதி வீடுகளில் அடுப்படியில் தெலுங்கு, வாசலில் தமிழ். ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரா. ஆனால் சண்டை வந்தால் எல்லை கிடையாது, இரண்டு பாஷையிலும் திட்டு விழும். டீக்கடையில் மட்டும் ஒரே பாஷை, சிலோன் ரேடியோ. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ போட்டால் பாய்லர் முன்னால் நின்றவர்கள் பாட்டு முடியும் வரை கிளாஸைக் கீழே வைக்க மாட்டார்கள். எங்களுக்கு இலங்கை என்றால் அவ்வளவுதான், சுத்தமான தமிழில் பாட்டுப் போடுகிற ஊர்.

அந்த ரேடியோவுக்குள் இருந்து ஆட்கள் இறங்கி வந்த மாதிரி 1990-ல் அகதி முகாம் வந்தது. பத்துக்குப் பத்து அடியில் வரிசை வரிசையாகக் குடிசைகள். கிலோ 57 காசு ரேஷன் அரிசி. கணக்கெடுப்பு நாளில் எல்லாரும் வந்து வரிசையில் நிற்க வேண்டும். அவர்களில் ஒருவர்தான் எங்கள் சிலோன் டீச்சர். திருகோணமலைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவர் என்று எங்கள் பள்ளித் தமிழ் ஐயாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. 1991 குடியரசு தினப் பாட்டுப் போட்டிக்கு அவரையே நடுவராகக் கூட்டிவந்துவிட்டார். ‘ஃபாரின்லேர்ந்து ஜட்ஜ்’ என்று பத்தாம் வகுப்பு அண்ணன்மார் கதை கட்டியிருந்தார்கள். வந்தவரோ வெளுத்த வாயில் புடவை, ஒற்றைப் பின்னல், ரப்பர் செருப்பு. எங்களுக்கு ஏமாற்றம்தான்.

மைக் செட்காரர் வேப்பமரத்தில் குழாய் கட்டியிருந்தார். டீச்சர் மேஜையில் வெள்ளைத்தாளை விரித்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம் என்று தலைக்குப் பத்து மார்க். பாடுகிறவர் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் விரல் எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் சிப்காட் சங்கு ஊதியது. பாடிக்கொண்டிருந்த பையன் நிறுத்திவிட்டான். டீச்சர் கண்ணைத் திறக்காமலே, “பாடும் தம்பி, அது உமக்குச் சுருதி தருகுது” என்றார். மைதானமே சிரித்தது. எங்களுக்கு ‘பாடும்’ என்பதும் ‘உமக்கு’ என்பதும்தான் வேடிக்கை. ராஜா காலத்து நாடகத்தில் பேசுகிற மாதிரி இருந்தது.

நான் பாடியது ஒரு முருகன் பாட்டு, பழத்துக்குக் கோபித்துக்கொண்டு மலையேறின கதை. சிறுவாபுரிக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிற வீடு எங்களுடையது. முதல் பரிசு எனக்குத்தான் என்று அம்மா முந்தின நாளே பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். கிடைத்தது மூன்றாவது. முதல் பரிசு ஆரம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு பெண்ணுக்கு. வீட்டில் ஒரு சொல் தமிழ் கிடையாது அவளுக்கு. பாரதியார் பாட்டை எழுத்தெழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் பாடினாள், புதுப் பாத்திரத்தைத் துடைத்து அடுக்குகிற மாதிரி. அவளுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், எனக்கு சோப்பு டப்பா.

அழுகையை அடக்கிக்கொண்டு மேஜைப் பக்கம் போனேன். டீச்சர் என் தலையைத் தடவினார். “வடிவாப் பாடினீர் தம்பி. ஆனா பழத்தைப் பயமாக்கிப் போட்டீர்.”

நம்ம பக்கத்து நாக்குதான் தெரியுமே. வாழைப்பழம் நமக்கு வாயப்பயம். தாளில் எட்டிப் பார்த்தேன். உச்சரிப்புக்குப் பத்துக்கு நாலு. கீழே கையெழுத்து, அடைப்புக்குறிக்குள் ‘ரீச்சர்’ என்று எழுதியிருந்தார். உச்சரிப்புக்கு மார்க் குறைக்கிறவருக்கு ‘டீச்சர்’ என்றே எழுதத் தெரியவில்லை என்று பையன்களிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டேன். அகதிக்கு என்ன தெரியும் என்றும் ஒரு வார்த்தை சொன்னேன். அதை நான் மறந்த பாடில்லை. அவர்கள் ஊரில் அப்படித்தான் எழுதுவார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் முகாமுக்குப் போக ஆரம்பித்தேன். வெறுந்தேநீர் தருவார், ‘பிளேன் ரீ’. பனைவெல்லத் துண்டை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். பனங்கட்டி என்பார் அதை. “நாக்கை உள்ளுக்கு வளையும். அண்ணத்தில முட்டப்படாது.” அடிபம்பில் வரிசை நிற்கிற பெண்களெல்லாம் என்னைப் பார்த்து ழ, ழ, ழ என்று சிரிப்பார்கள். நீங்களே ஒரு பாட்டுப் பாடுங்க டீச்சர் என்று கேட்டால், “பேந்து பாப்பம்” என்பார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. தண்ணீர் அடிக்கும்போது மட்டும் பம்பு ஏறி இறங்குகிற தாளத்துக்கு ஏதோ முனகிக்கொண்டிருப்பார். குடம் நிறைந்ததும் நின்றுவிடும்.

மே 21 ராத்திரி ஶ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அப்போது அதுவும் நாமும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். மறுநாள் சங்கு ஊதியதாக ஞாபகம் இல்லை. முகாம் வாசலில் போலீஸ். “அந்தப் பக்கம் போகாதேடா” என்றாள் அம்மா. பழம், பயம் என்று அந்தக் கோடையில் நான் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் இல்லை என்று ஆனது. அடுத்த குடியரசு தினத்துக்கு வேறு நடுவர் வந்தார், பாடுகிறவர் முகத்தைப் பார்த்தே மார்க் போட்டார். ஊர் திரும்புகிறவர்களை 1992-லிருந்து அனுப்ப ஆரம்பித்தார்கள். நான் தைரியம் வந்து போய்ப் பார்த்தபோது டீச்சர் இருந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது.

பின்னால் சன் டிவியில் அப்துல் ஹமீது ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தும்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள், “உங்க டீச்சர் ஊரு பேச்சுடா.”

போன மாசம் போயிருந்தேன். வேப்பமரம் இல்லை. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. ரேடியோ எங்கேயும் கேட்கவில்லை, சங்கும் கேட்கவில்லை. முகாமுக்கு 2021-ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அடிபம்பு எங்கே இருந்தது என்று அங்கே நின்ற பையனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அங்கேயே பிறந்தவனாம்.

சோப்பு டப்பா வீட்டில்தான் இருக்கிறது. மூடி போய்விட்டது. அம்மா அதில் பொத்தான் போட்டு வைத்திருக்கிறாள்.