கைகள் கண்ட மொழி



பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் நான் காலையில் பசியாறப் போகும் ‘மாமாக்’ (தமிழ் முஸ்லிம்) உணவுக்கடைக்கு இரண்டு பெரியவர்கள் வருவார்கள். ஒருவர் சீனர், ஒருவர் தமிழர். இருவருக்குமே காது கேட்காது. விரல்களால் அவர்கள் அடிக்கும் அரட்டைக்கு எங்கள் மேசைக் கூச்சல் ஈடாகாது. கடைத் தம்பி கையை லேசாக அசைப்பான், அவர்கள் தலையாட்டுவார்கள், ‘தே ஓ கொசோங்’ தேநீர் வந்துவிடும். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது.

அவர்கள் பேசுவது பினாங்கு சைகை மொழி. மலாயாவின் முதல் காது கேளாதோர் பள்ளி 1954-இல் இந்தத் தீவில்தான் தொடங்கியது. உதட்டசைவைப் பார், குரல் எழுப்பிப் பேசு என்பதே அன்றைய பாடமுறை. வகுப்பில் கைகளுக்கு வேலையில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் தங்களுக்குள் கையாலேயே ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். மலாய், சீன, தமிழ் வீட்டுப் பிள்ளைகள்! இந்த நாட்டில் பெரியவர்கள் இன்றும் மல்லுக்கட்டும் மொழிச் சிக்கலை அவர்கள் வகுப்புக்கு வெளியே தீர்த்துவிட்டார்கள்.

பிறகு அமெரிக்கச் சைகைமுறை வந்தது. அதன் சாயலில் வளர்ந்த மலேசியச் சைகை மொழி நாடெங்கும் பரவ, பினாங்கு மொழி பெரும்பாலும் முதியவர்களின் கையோடு நின்றுவிட்டது.

2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். மலேசியச் சைகை மொழிக்கு அந்தச் சட்டம் அங்கீகாரம் தந்தது. யுனெஸ்கோ பட்டியலால் பழைய கடைவீடுகளுக்குக் காவல் கிடைத்தது. இத்தீவுப் பிள்ளைகள் கண்ட மொழியைத்தான் யாரும் மரபாக எண்ணவில்லை. சட்டமும் பல்லில்லாமல்தான் வந்தது, மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் வைக்கவில்லை.

சட்டத்துக்கு முன்பே இந்நாட்டில் நடந்த நல்ல காரியம் ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளியை எங்கோ ஒரு விடுதிக்கு அனுப்பாமல், அவர் வாழும் ஊரிலேயே, உள்ளூர் ஆட்களை வைத்துப் பயிற்சி தரும் ‘பிடிகே’ மையங்கள் 1984-இல் திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவின. நம் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் கிராமம் கிராமமாகச் செய்வது இதைத்தான். எனக்கு ஒரே ஒரு குறை: பயிற்சி பெரும்பாலும் மாற்றுத்திறனாளிக்கும் அவர் வீட்டாருக்கும்தான். அக்கம்பக்கத்தாருக்கு யார் பயிற்சி தருவது?

கடைத் தம்பிக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அந்தப் பெரியவர்களிடமே பார்த்துப் பழகிக்கொண்டான்.

உங்கள் தெருவிலும் காது கேளாத ஒருவர் இருப்பார். ‘டீக்குச் சர்க்கரை போடவா?’ என்பதை எப்படிக் கேட்பது என்று அவரிடமே கற்றுக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.